வாணி ஜெயராம் பாட்டு என்றாலே பாடகிகள் மிரள்வது ஏன்?

வேலூர்க்காரன் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. ஒரு சின்னப் பஞ்சாயத்து, நீங்கள்தான் தீர்த்து வைக்க வேண்டும்.

எங்கள் மெல்லிசைக் குழுவில் எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். சனி, ஞாயிறு மட்டும் ஒத்திகை. வருகிற நவம்பர் 30 வாணியம்மா பிறந்தநாளுக்கு ஒரு மணி நேர நிகழ்ச்சி போடலாம் என்று முடிவு செய்தோம். 1945இல் இதே வேலூரில் கலைவாணியாகப் பிறந்தவர். நாங்கள் செய்யாவிட்டால் யார் செய்வது? மண்டபத்துக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று.

எங்கள் குழுவில் பாடும் பெண்ணுக்கு நல்ல குரல். சுசீலாம்மா பாட்டு, ஜானகியம்மா பாட்டு எல்லாம் மேடையில் கைதட்டல் வாங்கும். வாணியம்மா பட்டியலை நீட்டியதும், "சார், வேண்டாம் சார், அதெல்லாம் கஷ்டமான பாட்டு, மானம் போயிடும்" என்று பின்வாங்கிவிட்டாள். பட்டியலில் முதலில் 'ஏழு ஸ்வரங்களுக்குள்' இருந்தது என் தப்புதான்.

ஆனால் யோசித்துப் பார்த்தால், வேறு குழுக்களிலும் இதே கதைதான். இரண்டு மணி நேரக் கச்சேரியில் வாணியம்மா பாட்டு ஒன்று வந்தால் அதிகம். அந்தக் குரலுக்கு "கஷ்டமான பாட்டுக்காரர்" என்ற முத்திரை எப்படி விழுந்தது? நியாயமான முத்திரைதானா?

---

மைதிலி டீச்சர் எழுதியது:

நியாயம்தான். நாற்பது வருடமாகப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன், அந்த உரிமையில் சொல்கிறேன். 'ஏழு ஸ்வரங்களுக்குள்' பந்துவராளியில் தொடங்கி ராகமாலிகையாகப் போகிறது. ஒரு ராகத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் இடத்தில் கொஞ்சம் அசந்தாலும் பழைய ராகத்தின் வாசனை ஒட்டிக்கொள்ளும். 1975இல் 'அபூர்வ ராகங்கள்' வந்தபோது இந்தப் பாட்டுக்குத் தேசிய விருது கிடைத்தது சும்மா இல்லை. அதே படத்தில் பி.எஸ். சசிரேகாவோடு பாடிய 'கேள்வியின் நாயகனே' மட்டும் லேசா என்ன? உங்கள் பெண் பயந்ததில் தப்பில்லை, அவளைத் திட்டாதீர்கள்.

---

குசும்பு குமார் எழுதியது:

டீச்சர் வந்ததும் வகுப்பே அமைதியாகிவிட்டது 😀

---

பம்பாய் பழனி எழுதியது:

முத்திரை மெட்ராஸில் விழவில்லை, இங்கேதான் விழுந்தது.

நான் 1960களின் கடைசியில் வேலை தேடி மாட்டுங்காவுக்கு வந்தவன். கல்யாணமாகிக் கணவர் ஜெயராமோடு வாணியம்மா இந்த ஊருக்கு வந்ததும் ஏறக்குறைய அதே சமயம். ராணி மேரிக் கல்லூரியில் படித்துவிட்டு ஸ்டேட் வங்கியில் வேலை பார்த்தவர். கர்நாடக சங்கீதம் கடலூர் சீனிவாச ஐயங்கார், டி.ஆர். பாலசுப்ரமணியம், ஆர்.எஸ். மணி ஆகியோரிடம் படித்தது. இங்கே வந்த பிறகு கணவர் தூண்டுதலில் பாட்டியாலா கரானா என்ற இந்துஸ்தானி இசைப் பரம்பரையைச் சேர்ந்த உஸ்தாத் அப்துல் ரஹ்மான் கானிடம் இந்துஸ்தானி கற்றார். தும்ரி, கஜல், பஜன் எல்லாம். அப்புறம் வங்கி வேலையையே விட்டுவிட்டார். அந்தக் காலத்தில் மாதச் சம்பள வேலையை, அதுவும் ஒரு பெண், பாட்டுக்காக விடுவது என்றால் எங்கள் காலனியில் ஒரு வாரத்துக்குப் பேச்சாக இருந்திருக்கும்!

இசையமைப்பாளர் வசந்த் தேசாய் அவரை முதலில் மராத்தியில் பாடவைத்தார். குமார் கந்தர்வாவோடு பாடிய 'ருணானுபந்தாச்யா' இன்றைக்கும் மராத்தி வீடுகளில் கேட்கும். எவ்வளவு பெரிய வித்வான் பக்கத்தில் ஒரு புதுக் குரல் நிற்கிறது பாருங்கள். அப்புறம் 1971இல் ரிஷிகேஷ் முகர்ஜியின் ஹிந்திப் படம் 'குட்டி'. ஜெயா பாதுரி கதாநாயகி. 'போலே ரே பப்பிஹரா' மியான் கி மல்ஹார் ராகம். அந்த ஒரு பாட்டில் நாடு முழுக்கத் தெரிந்த குரல் ஆகிவிட்டார். முதல் வெற்றியே சாஸ்திரிய ராகத்தில் அமைந்ததால், "ராகப் பாட்டா, வாணியைக் கூப்பிடு" என்று ஆயிற்று.

இத்தனைக்கும் அதே படத்தில் இன்னொரு பாட்டு உண்டு, 'ஹம் கோ மன் கி சக்தி தேனா'. பள்ளிக்கூடப் பிரார்த்தனை. வட இந்தியாவில் பாதிப் பள்ளிகளில் காலையில் பிள்ளைகள் வரிசையில் நின்று பாடுவது அதுதான். ஆறு வயதுக் குழந்தை பாடுகிற பாட்டு! அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

---

ராஜா வெறியன் எழுதியது:

பழனி ஐயா, ஒரு சந்தேகம். அவ்வளவு பெரிய ஹிட் கொடுத்தவர் ஹிந்தியில் ஏன் நிற்கவில்லை? மங்கேஷ்கர் சகோதரிகள் விடவில்லை என்றுதானே எல்லாரும் சொல்கிறார்கள்?

---

பம்பாய் பழனி எழுதியது:

தம்பி, இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். டீக்கடையில் ஐம்பது வருடமாக ஓடுகிற கதை. ரயிலில் இரண்டு தமிழர்கள் உட்கார்ந்தால் இதைப் பேசாமல் இறங்க மாட்டோம். ஆனால் கண்ணால் பார்த்தவன் எவனும் இல்லை, அதனால் நான் அதைப் பெரிதாக எடுப்பதில்லை.

தெரிந்ததைச் சொல்கிறேன். அவரைக் கைதூக்கிவிட்ட வசந்த் தேசாய் 1975 டிசம்பரில் லிஃப்ட் விபத்தில் இறந்துபோனார். தனக்கென்று பாட்டு வைத்திருக்கும் ஓர் இசையமைப்பாளர் இல்லாமல் ஹிந்தியில் காலம் தள்ளுவது கஷ்டம். அதற்குள் தெற்கே தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு என்று நாலு பக்கமும் கூப்பிட்டார்கள். வருஷத்துக்கு ஐந்து பாட்டுக்காக இங்கே காத்திருப்பதா, வாரத்துக்கு ஐந்து பாட்டுக்கு அங்கே போவதா? நானாக இருந்தாலும் மெட்ராஸ் மெயில் பிடித்திருப்பேன்.

ஹிந்தி ஒரேயடியாக விட்டுப்போகவும் இல்லை. 1979இல் குல்சாரின் 'மீரா', இசை பண்டிட் ரவிசங்கர். லதா ஏற்கெனவே தம்பி ஹிருதயநாத்தின் இசையில் மீரா பஜன்களைப் பாடியிருந்ததால் இதில் பாட மறுத்துவிட்டார். வாய்ப்பு வாணியம்மாவுக்கு வந்தது. 'மேரே தோ கிரிதர் கோபால்' பாட்டுக்கு ஃபிலிம்ஃபேர் விருதும் வந்தது. அங்கேயும் பாருங்கள், பஜன், ராகம், பக்தி. அதே பெட்டி.

---

யாழ்ப்பாணத்து ரேடியோ எழுதியது:

நான் எண்பதை நெருங்குகிற ஆள், பழைய கதை கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

வாணி அம்மா சின்ன வயதில் ரேடியோ சிலோனில் ஹிந்திப் பாட்டுகளைக் கேட்டுக் கேட்டே சினிமாப் பாட்டில் ஆசை வந்தது என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். எங்கள் நாட்டு வானொலி வேலூர் வீட்டுக்குப் போய் ஒரு பாடகியை உருவாக்கியது என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை உண்டு.

1974இல் அதே வானொலியின் தமிழ்ச் சேவையில் 'தீர்க்கசுமங்கலி' படத்து 'மல்லிகை என் மன்னன் மயங்கும்' போகத் தொடங்கினது. நான் அப்போது வாத்தியாராக வேலைக்குச் சேர்ந்திருந்த நேரம். பின்னேரம் வீட்டில் ரேடியோவைப் போட்டால் இந்தப் பாட்டு. யார் இது, சுசீலாவும் இல்லை, ஜானகியும் இல்லை, ஈஸ்வரியும் இல்லை என்று எல்லோருக்கும் குழப்பம். அந்தப் பாட்டில் என்ன கஷ்டம் இருக்கிறது, சொல்லுங்கோ. ஒரு மனைவி கூந்தலில் பூ வைத்துக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறாள், அவ்வளவுதான். எங்கள் அம்மா தேங்காய் துருவிக்கொண்டே முணுமுணுப்பா. அவவுக்கு சங்கீதம் தெரியாது.

எம்.எஸ்.வி. அந்தக் குரலில் கண்டது ராக ஞானத்தை மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். புதுசாகத் தேய்த்துக் கழுவின வெண்கலப் பாத்திரம் மாதிரி ஒரு துலக்கம் இருந்தது.

---

மைதிலி டீச்சர் எழுதியது:

ரேடியோ அண்ணா, உங்கள் அம்மா முணுமுணுத்ததை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாட்டை ஒரு தரம் சுருதிப்பெட்டியைப் போட்டுக்கொண்டு பாடிப் பாருங்கள். மெட்டு எளிது. கார்வை, அதாவது ஒரு சுரத்தை நீட்டி நிறுத்துவது, எளிதில்லை. எங்களைப் போல கர்நாடகத்தில் வளர்ந்த தொண்டை ஒரு சுரத்தில் சும்மா நிற்காது, அசைத்துக்கொண்டே இருக்கும், அசைவுக்குள் சின்னப் பிசகு ஒளிந்துகொள்ளும். வாணியம்மா இந்துஸ்தானி முறையில் சுரத்தை நேராகத் தொட்டு அப்படியே நிற்பார். ஒளிய இடம் கிடையாது. ஒரு நூல் விலகினாலும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியும்.

அதனால்தான் என்னிடம் படிக்கிற பிள்ளைகள் ஜானகியம்மா பாட்டைத் தைரியமாகப் பாடுகிறார்கள். அது சுலபம் என்று சொல்லவில்லை, தயவுசெய்து சண்டைக்கு வராதீர்கள். அங்கே உணர்ச்சி பாவத்தால் கொஞ்சம் மூடிவிடலாம்.

---

ராஜா வெறியன் எழுதியது:

வந்துவிட்டேன் சண்டைக்கு 😀

டீச்சர், நீங்களே சொல்லிவிட்டீர்கள். சுத்தம் இருக்கிறது, உணர்ச்சி குறைவு. ராஜா சார் ஜானகியம்மாவுக்கு அவ்வளவு பாட்டு கொடுத்ததற்கும் வாணியம்மாவுக்குக் கொஞ்சமாகக் கொடுத்ததற்கும் அதுதானே காரணம்? குறும்பு, கொஞ்சல், அழுகை, கிழவி குரல், குழந்தைக் குரல் எல்லாம் ஜானகியம்மாவிடம் வரும். வாணியம்மா குரல் எப்போதும் இஸ்திரி போட்ட புடவை மாதிரி.

---

வேலூர்க்காரன் எழுதியது:

தம்பி, நீ ராஜா வெறியன் என்று பெயர் வைத்துக்கொண்டு ராஜா பாட்டையே மறந்துவிட்டாயே.

'இளமை ஊஞ்சலாடுகிறது' படத்தில் 'நீ கேட்டால் நான் மாட்டேன் என்றா சொல்வேன் கண்ணா' கேட்டிருக்கிறாயா? அது இஸ்திரி போட்ட புடவையா? அதே படத்தில் 'ஒரே நாள் உனை நான்', எஸ்.பி.பி.யோடு. 1979இல் 'அழகே உன்னை ஆராதிக்கிறேன்' படத்தில் 'நானே நானா யாரோதானா'. அந்தப் பாட்டில் குரல் கொஞ்சம் தள்ளாடுகிறது, ஆனால் சுருதி தள்ளாடவில்லை. 'ரோசாப்பூ ரவிக்கைக்காரி'யில் 'என்னுள்ளில் எங்கோ'. 'புன்னகை மன்னன்' படத்தில் 'கவிதை கேளுங்கள்'. எண்ணிக்கை குறைவு, ஒப்புக்கொள்கிறேன். உணர்ச்சி குறைவு என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

---

குசும்பு குமார் எழுதியது:

முக்கியமானதை எல்லாரும் விட்டுவிட்டீர்கள். 1978, 'முள்ளும் மலரும்', 'நித்தம் நித்தம் நெல்லு சோறு'.

ஐயங்கார் வீட்டில் பிறந்து வளர்ந்த அம்மா, நேற்று வைத்த மீன் குழம்புக்கு ஏங்குகிற பாட்டைப் பாடியிருக்கிறார். கேட்டால் எனக்கு நிஜமாகவே பசிக்கும். சைவக்காரர்கள் இந்தப் பாட்டைக் கேட்டுக் கட்சி மாறியதாகக் கேள்வி. உணர்ச்சி இல்லையாம், உணர்ச்சி!

---

ராஜா வெறியன் எழுதியது:

சரி சரி, மீன் குழம்பில் மாட்டிக்கொண்டேன். அந்தப் பாட்டு அவர் பாடியது என்று தெரியும், ஆனால் பேசும்போது ஞாபகத்துக்கு வரவே இல்லை. வாணி ஜெயராம் என்றால் மூளை நேராக 'அபூர்வ ராகங்க'ளுக்குத்தான் போகிறது.

---

பம்பாய் பழனி எழுதியது:

தம்பி இப்போது சொன்னதுதான் வேலூர்க்காரரின் கேள்விக்குப் பதில். அவர் எல்லா மாதிரியும் பாடியிருக்கிறார், நமக்கு ஞாபகம் ஒரு மாதிரிதான்.

---

பாலக்காட்டுப் பையன் எழுதியது:

கேரளத்தில் இந்த முத்திரையே கிடையாது, அதைச் சொல்லத்தான் வந்தேன்.

1973இல் 'ஸ்வப்னம்' படத்தில் சலீல் சௌத்ரி இசையில் பாடி மலையாளத்துக்கு வந்தார். அடுத்து எம்.கே. அர்ஜுனன் இசையில் 'திருவோணப் புலரிதன்'. ஓணம் வந்தால் கோயில், கடை, பேருந்து நிலையம் எல்லா இடத்திலும் அதுதான். எங்கள் பாட்டிக்கு அவர் ஓணப் பாட்டுக்காரி. 'பாளங்கள்' படத்தின் 'ஏதோ ஜன்ம கல்பனையில்' எங்கள் மாமாக்களுக்குக் காதல் பாட்டு. 2014இல் '1983' படத்தில் ஜெயச்சந்திரனோடு 'ஓலஞ்ஞாலிக் குருவி' பாடினார். அப்போது அவருக்கு 68 வயது. கல்லூரியில் என் கூடப் படித்தவர்கள் யாரோ புதுப் பாடகி என்று நினைத்தார்கள். நான் தமிழ்நாட்டில் பாதி வளர்ந்தவன், எனக்குக் குரல் தெரியும், பந்தயம் கட்டி நாலு பரோட்டா ஜெயித்தேன்.

தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர். மலையாளத்தின் ழ, ற, ஞ எதிலும் பிசிறு இல்லை. மராத்திக்காரர்களும் கன்னடக்காரர்களும் இதையே சொல்வார்கள் என்று நினைக்கிறேன். 'கவிரத்ன காளிதாச'வில் ராஜ்குமாரோடு பாடிய 'சதா கண்ணலி'யைக் கேட்டுவிட்டு அவர் கன்னடக்காரர் இல்லை என்றால் என் மைசூர் அறைத்தோழன் நம்பவே இல்லை.

---

மைதிலி டீச்சர் எழுதியது:

நல்ல பிள்ளை, நல்ல விஷயம் சொன்னாய். உச்சரிப்பைப் பற்றி நானே எழுத நினைத்தேன்.

'மூன்று முடிச்சு' படத்தின் 'வசந்தகால நதிகளிலே' அந்தாதியாகக் கண்ணதாசன் எழுதியது. ஒரு வரி முடியும் சொல்லில் அடுத்த வரி தொடங்கும். ஜெயச்சந்திரனும் வாணியம்மாவும் மாறி மாறிப் பாடுகிறார்கள். கடைசியில் படகில் ரஜினிகாந்துக்கு எம்.எஸ்.வி.யே குரல் கொடுத்திருப்பார். இந்த மாதிரிப் பாட்டில் ஒரு சொல்லின் கடைசி எழுத்தை விழுங்கினால் அந்தாதியே போச்சு. மாணவிகளுக்கு நான் ராகத்துக்காக வாணியம்மா பாட்டைப் போடுவதில்லை, மெய்யெழுத்துக்காகப் போடுகிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மேலே நான் "நியாயம்தான்" என்று எழுதியதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. விருதுகளை வைத்தே அப்படி நினைத்துவிட்டேன். மூன்று தேசிய விருது: 'அபூர்வ ராகங்கள்', 'சங்கராபரணம்', 'சுவாதி கிரணம்'. மூன்றும் சங்கீதத்தைச் சுற்றிய கதைகள். நாளிதழில் விருதுப் பட்டியலைப் பார்க்கிறவர்களுக்கு அவர் அது மட்டும்தான் என்று தோன்றும்.

---

யாழ்ப்பாணத்து ரேடியோ எழுதியது:

டீச்சர், நீங்கள் 'சுவாதி கிரணம்' என்றதும் எனக்கு ஒன்று தட்டுப்பட்டது. அதில் 'ஆனதிநீயரா' யாருக்காகப் பாடினது? ஒரு பொடியனுக்கு. 'மால்குடி டேஸ்' தொடரில் வந்த மஞ்சுநாத்தான் அந்தச் சிஷ்யன், மம்மூட்டி குரு. குருவுக்குச் சிஷ்யன் மேல் பொறாமை வருகிற கதை. 1991க்கான தேசிய விருது அதுக்கு. அப்போது வாணி அம்மாவுக்கு 46 வயது.

'சங்கராபரண'த்திலும் கடைசியில் 'தொரகுனா' பாட்டில் கதாநாயகரான சாஸ்திரியாரின் குரல் அடங்கும் இடத்தில் எடுத்துப் பாடும் சிஷ்யப் பிள்ளைக்கு அவர்தான் குரல். அவர் ஜானகி மாதிரி மழலையாக்கிப் பாடவில்லை. குரலை மாற்றவே இல்லை. ஆனாலும் பிள்ளை பாடுகிற மாதிரித்தான் இருக்கு. எப்படி என்று இன்றுவரைக்கும் எனக்கு விளங்கவில்லை.

---

மைதிலி டீச்சர் எழுதியது:

மேலே சொன்னேனே, நேராக நிற்கும் சுரம். பிள்ளைகள் அப்படித்தான் பாடும், அவர்களுக்கு ஒளிக்கத் தெரியாது.

---

பம்பாய் பழனி எழுதியது:

அந்த இரண்டு படத்தின் இயக்குநரும் கே. விஸ்வநாத். இசை கே.வி. மகாதேவன். விஸ்வநாத் 2023 பிப்ரவரி 2ஆம் தேதி போனார். வாணியம்மா 4ஆம் தேதி. பத்ம பூஷண் அறிவித்துப் பத்து நாள்கூட முழுசாக ஆகவில்லை, வாங்குவதற்குள் நுங்கம்பாக்கம் வீட்டில் தவறி விழுந்து போய்விட்டார். கணவர் ஜெயராம் ஐயா 2018இல் காலமான பிறகு தனியாகத்தான் இருந்தார். அந்த வாரம் நான் ரேடியோவைப் போடவில்லை.

---

வேலூர்க்காரன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இந்த இழையை அப்படியே எங்கள் பாடகிக்கு அனுப்பிவிட்டேன். படித்துவிட்டு நேற்று ஒத்திகைக்கு வந்தாள். புதுப் பட்டியல் இது: 'மல்லிகை என் மன்னன்', 'ஒரே நாள்', 'அந்தமானைப் பாருங்கள் அழகு', 'பாரதி கண்ணம்மா', 'மேகமே மேகமே', 'யாரது சொல்லாமல்', 'வசந்தகால நதிகளிலே', 'நித்தம் நித்தம்', பிரார்த்தனைக்கு 'ஹம் கோ மன் கி சக்தி தேனா'. 'ஏழு ஸ்வரங்களுக்குள்' கடைசியில், அவளுக்கு மனசு இருந்தால் மட்டும்.

நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். 'ஏழு ஸ்வரங்களுக்குள்' இரண்டாவது தடவையிலேயே வந்துவிட்டது. வீட்டில் ரகசியமாகப் பயிற்சி செய்திருக்கிறாள், கள்ளி. 'மேகமே மேகமே'யும் வந்தது. 'நித்தம் நித்தம்' மட்டும் ஏழு தடவை நிறுத்தினோம். சுரம் எல்லாம் சரி, தாளம் சரி. ஆனால் சாப்பாட்டுப் பட்டியலை ரேஷன் கடையில் வாசிப்பது மாதிரி இருக்கிறது. கடைசியில் அவளே, "சார், இதுதான் சார் கஷ்டம்" என்று தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள்.

டீச்சர், என்ன செய்யலாம்? சுருதியை அரைக்கட்டை இறக்கிப் பார்க்கவா?

---

மைதிலி டீச்சர் எழுதியது:

சுருதியில் கை வைக்காதீர்கள். அடுத்த ஒத்திகையை மத்தியானம் ஒரு மணிக்கு வையுங்கள். சாப்பிடாமல் வரச் சொல்லுங்கள்.

---

குசும்பு குமார் எழுதியது:

மீன் குழம்பு நான் கொண்டுவருகிறேன். நேற்று வைத்ததுதான்.